பின்னால் வரும் வீடு

வடக்கு இத்தாலியின் பிராட்டோ கிராமம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஸ்டெல்வியோ மலைச்சாலை 48 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறி, 2,757 மீட்டர் உயரத்தில் கணவாயை எட்டுகிறது. லொம்பார்டியையும் டிரோலையும் இணைப்பதற்காக ஆஸ்திரியப் பேரரசு போட்ட சாலை இது. கார்லோ டோனேகானி என்ற பொறியாளர் 1820இல் வேலையைத் தொடங்கி 1825இல் முடித்தார். அவர் கணக்கில் இருந்தவை குதிரைகள் இழுத்த வண்டிகள். ஒரு குதிரை வண்டி வசதியாகத் திரும்பினால் போதும் என்றுதான் ஒவ்வொரு வளைவையும் வெட்டினார்.

இருநூறு ஆண்டுகள் கழித்து அதே மாதிரியான வளைவுகளின் முன்னால் 12 மீட்டர் நீளத்துக்கு வந்து நிற்கிறது ஒரு கார்-கேரவன் ஜோடி. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வேன் அல்ல இந்தக் கேரவன். எஞ்சின் கிடையாது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு சக்கர வீடு. காரின் பின்னால் இருக்கும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகு உருண்டையில் மாட்டி இழுத்துச் செல்கிறார்கள். கோடை விடுமுறை தொடங்கியதும் நெதர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இந்த வீடுகள் வரிசை வரிசையாகத் தெற்கே கிளம்பும். இத்தாலியின் கார்டா ஏரிக்கோ ஏட்ரியாட்டிக் கடற்கரைக்கோ போக வேண்டுமென்றால் நடுவே ஆல்ப்ஸ் மலை நிற்கிறது.

கேரவன் இழுப்பது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் முதலில் கேட்பது காரின் குதிரைத்திறனைத்தான். மலையில் அது இரண்டாம் பட்சம். பின்னால் வரும் வண்டிக்குத் தனிப் பாதை உண்டு, தனி எடை உண்டு, வேகம் மிஞ்சினால் தனி ஆட்டமும் உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த இரண்டாவது வண்டியையும் சேர்த்து ஓட்டத் தெரிந்தவர்தான் மலையைத் தாண்டுகிறார்.

முதலில் பாதை. ஒரு கார் வளைவில் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்திலேயே போவதில்லை. சற்று உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகின்றன. கேரவனின் சக்கரங்கள் அதைவிட அதிகமாக உள்ளே வெட்டும். எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றமே சொல்லிவிடும். காரின் பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உருண்டை அந்த அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது. உருண்டையிலிருந்து கேரவனின் அச்சு வரை 5 மீட்டர். எட்டின் வர்க்கத்தோடு 1.1இன் வர்க்கத்தைக் கூட்டி, ஐந்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 6.3 மீட்டர் வருகிறது. கேரவனின் சக்கரங்கள் காரின் பின்சக்கரங்களைவிட 1.7 மீட்டர் உள்ளே ஓடுகின்றன என்று அர்த்தம். இரட்டை அச்சு கொண்ட பெரிய கேரவனில் அந்த 5 மீட்டர் என்பது 6.5 மீட்டராகிறது. அப்போது ஆரம் 4.8 மீட்டர், உள்வெட்டு 3.2 மீட்டர். நீளம் ஒன்றரை மீட்டர்தான் கூடியது, உள்வெட்டோ கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

3.2 மீட்டர் என்பது ஒரு முழுத் தடத்தின் அகலம். உள்பக்கம் பாறைச் சுவர் இருந்தால் கேரவனின் விலாப்பக்கம் கிழியும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வளைவு தொடங்கும் இடத்தில் திரும்புவதில்லை. வெளிவிளிம்பை ஒட்டியே நேராக உள்ளே போய், கேரவனின் அச்சு வளைவுக்குள் வந்த பிறகு ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்கள். அந்த நேரத்தில் கேரவனின் வால் எதிர்ப்பக்கமாக வெளியே வீசும். ஆகவே இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் பெருநிலத்தில் வலப்பக்கம் ஓட்டுவதால், இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் வெளித்தடம் கிடைக்கும். வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்தடம்தான். வலது வளைவுகளே எப்போதும் பிரச்சினை.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன. ஆனால் உள்விளிம்பு குறுகிய தூரத்தில் ஏறுகிறது. ஆகவே உள்ளே போகப் போகச் சாலை செங்குத்தாகிறது. 8 மீட்டர் ஆரத்தில் 8 சதவீதமாக இருக்கும் ஏற்றம், 4.8 மீட்டர் ஆரத்தில் 13 சதவீதத்தைத் தாண்டிவிடும். உள்ளே வெட்டிக்கொண்டு வரும் கேரவன், சாலையின் மிகச் செங்குத்தான பகுதியில் தானாகப் போய் விழுகிறது. கார் மிக மெதுவாகப் போகும் கணம், திருப்பத்தின் இழுபறி, கூடுதல் ஏற்றம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. வளைவு நடுவே முன்சக்கரங்கள் வழுக்கிச் சுழல்வது இதனால்தான்.

சிக்கிக்கொண்டால் பின்னால் எடுக்க வேண்டும். முன்னோக்கி இழுக்கும்போது கேரவனின் சிறு கோணல் தானாக நேராகிவிடும். பின்னோக்கித் தள்ளும்போது நேர்மாறாக, ஒரு டிகிரிக் கோணல் இரண்டாகி, நான்காகி, கவனிக்காவிட்டால் கார் கேரவன்மீதே மடங்கிவிடும். மலையில், பின்னால் பத்து வண்டிகள் காத்திருக்கும்போது, இதை முதல்முறையாக முயன்று பார்ப்பது கொடுமை.

இந்தத் தொல்லையை உணர்ந்தே சுவிட்சர்லாந்து சட்டம் எழுதியிருக்கிறது. செங்குத்தான குறுகிய சாலையில் இரண்டு வண்டிகள் ஒதுங்க முடியாமல் நின்றால், கீழே இறங்கி வருபவரே முதலில் பின்னால் போக வேண்டும். மேலே ஏறுபவருக்குப் பக்கத்திலேயே ஒதுங்கும் இடம் இருந்தால் மட்டும் விலக்கு. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குத் தனிக் காரைவிட முன்னுரிமை உண்டு. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருக்கும் மலைச்சாலைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தின் ஓட்டுநர் கை காட்டுவதே சட்டம். குருட்டு வளைவை நெருங்கும்போது அந்தப் பேருந்து மூன்று சுரங்களில் ஹார்ன் அடிக்கும். ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஓபரா முன்னிசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. அது காதில் விழுந்தால் கேரவன்காரர் வளைவுக்கு முன்பே நின்றுவிடுவது நல்லது.

ஏற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே தவறு நடந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். 2,000 கிலோ காரும் 1,500 கிலோ கேரவனும் சேர்ந்து 3,500 கிலோ. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போக இந்த ஜோடிக்குச் சுமார் 7 கிலோவாட் போதும். 12 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 50 கிலோவாட்டுக்கு மேல் தேவை. ஒரு கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதற்கான ஐரோப்பிய விதியும் இந்த 12 சதவீதத்தை வைத்தே எழுதப்பட்டது: முழுச் சுமையோடு அந்த ஏற்றத்தில் நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் சோதனை வேறு மாதிரி. அரிசோனாவின் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து ஏறும் சுமார் 18 கிலோமீட்டர் சாலையில், 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏசியை முழுதாகத் திருகிவைத்து, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும்.

காற்றும் குறையும். 2,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கிறது. பல கார்களின் கையேடுகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: ஆயிரம் மீட்டருக்கு மேல், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் மொத்த எடையில் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் குறைவு.

உண்மையான விஷயம் இறக்கத்தில் இருக்கிறது.

மேலே ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் நிலை ஆற்றலைச் சேர்த்துவைத்திருக்கிறது. இறங்கும்போது அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 3,500 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிப்படுவது 34 மெகாஜூல். நூறு லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. 10 சதவீதச் சரிவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஒவ்வொரு நொடியும் 38 கிலோஜூல் கிளம்புகிறது. காற்றுத் தடையும் டயர் உராய்வும் அதில் ஏழெட்டை விழுங்கிக்கொள்ளும். மிச்சம் 30 கிலோவாட்டை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

வேகத்தைப் பாதியாக்கினால் வெப்பம் உருவாகும் வேகமும் பாதியாகிறது. காற்றில் ஆற இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது. குறைந்த கியரில் போனால் எஞ்சின் பெரும்பங்கைத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் விதிக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இவ்வளவுதான்.

பிரேக் தேய்ந்துபோகும் பிரச்சினை மோட்டார் வண்டியோடு பிறந்தது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியை ஓட்டிச் சென்றார். ஏற்றங்களில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அந்தக் கட்டைகளுக்குத் தோல் தைத்துக்கொண்டார் பெர்த்தா. பிரேக் லைனிங் என்ற பொருள் உலகத்துக்கு வந்த கதை இது. திரும்பி வந்ததும் அவர் சொன்ன யோசனைப்படி கார்ல் பென்ஸ் ஏற்றத்துக்கென ஒரு கியரையும் சேர்த்தார்.

இன்றைய கேரவனின் பிரேக் பார்க்க எளிமையானது, ஆனால் புத்திசாலித்தனமானது. காரின் உருண்டையைக் கவ்வும் தலைக்குப் பின்னால், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். அதற்குள் நழுவும் குழாய் ஒன்று இருக்கிறது. கார் வேகம் குறைக்கிறது. கேரவன் தன் நிலைமத்தால் முன்னோக்கித் தள்ளுகிறது. குழாய் உள்ளே நழுவுகிறது. அது ஒரு கம்பியைத் தள்ள, கம்பி கேபிள்களை இழுக்க, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. காரிலிருந்து எண்ணெய்க் குழாயோ மின்சாரமோ தேவையில்லை. கேரவன் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு தானே பிரேக் போட்டுக்கொள்கிறது.

நீண்ட இறக்கத்தில் இதே புத்திசாலித்தனம் எதிரியாகிறது. ஓட்டுநர் பிரேக்கைத் தொடவே இல்லை, குறைந்த கியரில் எஞ்சினே பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேரவன் காரைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் அதன் பிரேக் பல கிலோமீட்டருக்கு லேசாகப் பிடித்தபடியே இருக்கும். டிரம் சூடாகிறது. வார்ப்பிரும்பு டிரம் 250 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் அரை மில்லிமீட்டருக்கு மேல் விரியும். விரிந்த டிரம்மை எட்டக் கட்டை இன்னும் தூரம் நகர வேண்டும். லைனிங்கில் இருக்கும் பிசின் வாயுவாகி உராய்வைக் குறைக்கும். கேரவனின் பிடி தளர்ந்தால் அதன் எடை முழுதும் காரின் பிரேக் மீது வருகிறது. அங்கே வேறொரு பலவீனம் காத்திருக்கிறது. டாட் 4 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

எச்சரிக்கை முதலில் மூக்குக்குத்தான் வரும்: கருகிய லைனிங்கின் காட்டமான வாடை. அப்போதே பாதுகாப்பான ஒதுக்கிடத்தில் நிறுத்தி அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடான டிரம் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விடும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் அருகே 16 சதவீதம் வரை சரியும் சிர்லர் பெர்க் சாலையில், பிரேக் பிடிக்காத வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே பக்கவாட்டில் அவசரப் பாதைகள் கட்டியிருக்கிறார்கள். அதே நாட்டில் 1935இல் திறந்த, 36 வளைவுகளும் 12 சதவீதச் சரிவும் கொண்ட கிராஸ்கிளாக்னர் சாலையின் இறக்கத்தில்தான் கார் நிறுவனங்கள் தங்கள் பிரேக்குகளைச் சுட்டுப் பார்க்கின்றன.

கேரவனின் ஆட்டம் அகலமான நெடுஞ்சாலையில்தான் வெளிப்படும். மலையை விட்டு இறங்கி, நல்ல சாலை வந்ததும் ஓட்டுநர் வேகமெடுக்கிறார். ஒரு பெரிய லாரி முந்துகிறது, அல்லது ஆஸ்திரியாவின் பிரென்னர் நெடுஞ்சாலையில் இருக்கும் 190 மீட்டர் உயரமான ஐரோப்பாப் பாலத்தில் பக்கக் காற்று மோதுகிறது. கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரம்பு வேகம் உண்டு. அதற்குக் கீழே அந்த ஆட்டம் தானாக அடங்கும். அதற்கு மேலே ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். சில நொடிகளில் கார் கவிழக்கூடும். இறக்கத்தில் கேரவன் காரைத் தள்ளுவதால் ஆட்டம் அடங்குவது இன்னும் கடினம்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள், எடையையும் அச்சின் இடத்தையும் மாற்றி அமைக்கக்கூடிய ஒரு சோதனை டிரெய்லரைக் கட்டி இதை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உருண்டையின் மீது விழும் எடை, அச்சு இருக்கும் இடம், கேரவனின் நிலைமத் திருப்புத்திறன் ஆகியவையே நிலைத்தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று தெரிந்தது. நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் வர்க்கத்தில் வளர்வது. முப்பது கிலோ மூட்டையை அச்சிலிருந்து அரை மீட்டரில் வைப்பதற்குப் பதில் இரண்டரை மீட்டரில், வால் பகுதியில் வைத்தால், தூரம் ஐந்து மடங்கு, பாதிப்பு இருபத்தைந்து மடங்கு. தண்ணீர் கேனும் அரிசி மூட்டையும் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு இருக்க வேண்டும். உருண்டையின் மீது கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் அழுத்த வேண்டும்; 1,500 கிலோவுக்கு அது 75 முதல் 105 கிலோ. கார் தயாரிப்பாளர் குறித்த வரம்பையும் அது தாண்டக் கூடாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்வதே வழி. வேகம் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்ற யோசனை உயிரைக் குடிக்கும்.

கேரவனுக்கும் ஆல்ப்ஸுக்கும் உள்ள உறவு பழையது. ஜெர்மனியில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் இஸ்னி என்ற ஊரில் சாட்டையும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்ற அரிஸ்ட் டெத்லெஃப்ஸ், வியாபாரப் பயணங்களில் துணையைப் பிரிய மனமில்லாமல் 1931இல் காருக்குப் பின்னால் இழுக்கும் வீடு ஒன்றைச் செய்தார். அந்த நாட்டின் கேரவன் தொழில் அதிலிருந்துதான் வளர்ந்தது. 2021இல் அதே டெத்லெஃப்ஸ் நிறுவனம், தனக்கென மின்மோட்டாரும் 80 கிலோவாட்மணி பேட்டரியும் உள்ள ஒரு கேரவனை மின்கார் ஒன்றில் மாட்டி, இஸ்னியிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி கார்டா ஏரிக்கரையின் ரீவா வரை 386 கிலோமீட்டர், நடுவே சார்ஜ் செய்யாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் வீணாகும் 34 மெகாஜூலை, அதாவது சுமார் 9.5 கிலோவாட்மணியை, டிரம்மில் எரிக்காமல் பேட்டரியில் பெருமளவு திருப்பிச் சேர்க்கலாம். மலைப்பயணத்துக்கு இதைவிட நல்ல செய்தி பல ஆண்டுகளில் வரவில்லை. ஒரே நிபந்தனை: உச்சியில் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருக்கக் கூடாது. இடமில்லாத பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது, வேலை மறுபடியும் பிரேக்குக்கே வரும்.

ஐரோப்பாவில் கேரவன் எடுத்து ஆல்ப்ஸைக் கடக்க நினைப்பவர்கள் முதலில் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள். சாதாரண பி உரிமத்தில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுத்தால், காரும் டிரெய்லரும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக் கட்டண வில்லை காருக்கு ஒன்று, கேரவனுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்க வேண்டும். கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாக இழுக்கும் மெல்லிய எஃகுக் கம்பியை உருண்டையின் கழுத்தில் சும்மா சுற்றிவிடாமல், உறுதியான வளையத்தில் மாட்டுங்கள். சுவிட்சர்லாந்தும் நெதர்லாந்தும் அதைக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன. பிரேக் எண்ணெய் இரண்டு வருடம் பழசென்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் பிடிவாதம் வேண்டாம். பிரென்னர் கணவாயின் உயரம் 1,370 மீட்டர்தான். நெடுஞ்சாலை நேராக அதன் மேலேயே போகிறது. சுவிட்சர்லாந்தில் 1980இல் திறந்த 16.9 கிலோமீட்டர் கொத்தார்டு சுரங்கம் மலையின் வயிற்றுக்குள்ளாகவே கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டுவிடும். ஸ்டெல்வியோவைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வராதவர்களுக்குப் பிராட்டோவிலேயே கேரவன் முகாம்கள் இருக்கின்றன. வீட்டை அங்கே நிறுத்திவிட்டு, காரில் மட்டும் ஏறுங்கள்.